கல்வராயன் மலையில் பள்ளிக்கூடத்துச் சோறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டின் வரலாறு, கீழ்நாட்டில் ஒரு விதமாகவும் மலையில் ஒரு விதமாகவும் நடந்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கும். மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி, இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். கல்வராயன் மலையில் ஊர்கள் சிறியவை. இங்கே பத்து வீடு, ஓடைக்கு அப்பால் இருபது வீடு என்று சிதறிக் கிடப்பவை. ஒரு பள்ளிக்கு நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் ஏறியும் இறங்கியும் நடந்து வருவார்கள். மதியம் வீட்டுக்குப் போய்த் திரும்புவது என்ற பேச்சே அங்கே இல்லை. அதனால் கீழ்நாட்டில் பசியை ஆற்றும் உதவியாக இருந்த மதிய உணவு, மலையில் பிள்ளை பள்ளிக்கு வருமா வராதா என்பதையே தீர்மானிப்பதாக ஆனது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி, பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரம். மலையின் ஒரு பக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை வழியாக ஆத்தூர்ப் பக்கம் சரிகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து போகிறவர்கள் கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி மலையேறுவார்கள். வெள்ளிமலைதான் இந்தப் பக்கத்து மலைக்குத் தலைமையிடம். குடியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் அப்படி இருந்தாலும் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

திட்டங்கள் வருவதற்கு முந்தைய காலத்துக் கீழ்நாட்டுப் பிள்ளையின் மதியச் சாப்பாட்டை, அந்த வீட்டுக்கு எவ்வளவு நிலம் இருந்தது என்பதே முடிவு செய்தது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இந்த மூலையில் ஏரிப் பாசன நிலத்தில் நெல்லும், மானாவாரியில் கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை எனும் நிலக்கடலை ஆகியவையும் விளைந்தன. நெல் இருந்த வீட்டில் முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழையது. இல்லாத வீட்டில் கம்மங்கூழோ கேழ்வரகுக் கூழோ. தொலைவிலிருந்து வருகிற பிள்ளைக்கு அதையே தூக்குச் சட்டியில் ஊற்றி, மூடிமேல் ஒரு வெங்காயமோ பச்சை மிளகாயோ, வறுத்து அரைத்த மல்லாட்டைத் துவையலோ வைத்து அனுப்புவார்கள். கூழை வெகுதூரம் தூக்கிப் போனால் அலம்பிச் சிந்தும் என்பதால், நடந்து வரும் பிள்ளைக்குக் களியாகக் கிண்டி உருட்டிக் கொடுப்பதும் உண்டு. கூலிக்குப் போகிற தாய் விடியுமுன்பே கழனிக்குக் கிளம்பிவிடுவாள். அந்த வீட்டுப் பிள்ளை தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும், அல்லது பள்ளிக்கே வராமல் மாடு மேய்க்கும்.

மலையில் உணவு வேறு. சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, தினை, காட்டுக் கீரை, மொச்சை, கிழங்கு, கிடைக்கிற பருவத்தில் தேன். சாமையை உரலில் குத்தி உமி நீக்கிப் புடைத்தெடுப்பது நெடுநேரம் பிடிக்கும் வேலை. பெண்கள் பொழுது விடியுமுன் அதைத் தொடங்க வேண்டும். வீட்டில் எல்லோருக்குமாக ஒருமுறை ஆக்கியதைத்தான் காட்டுக்கும் கொண்டுபோவார்கள். பள்ளிக்கென்று தனியாகக் கட்டிக்கொடுக்கும் பழக்கம் அங்கே தாமதமாக வந்ததற்குக் காரணம் எளிது. பள்ளியே தாமதமாகத்தான் வந்தது.

அந்தத் தாமதத்துக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. கல்வராயன் மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களாக, அதாவது ஜாகீர்தார்கள் வரி வாங்கும் உரிமை பெற்ற நிலப்பகுதிகளாக, இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலும் அது அப்படியே தொடர்ந்தது. நாடு விடுதலை அடைந்து ஜமீன்தாரி முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் மலையில் ஜாகீர்தார்களே வரி வாங்கினார்கள். அரசு இந்த ஜாகீர்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். சமவெளியில் காமராசர் ஆட்சியிலும் அதற்குப் பிறகும் ஊருக்கு ஊர் பள்ளி திறக்கப்பட்ட இருபதாண்டுகளில் மலைக்குச் சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலையை விசாரிக்கத் தொடங்கியபோது இந்த ஜாகீர் வரலாறு மீண்டும் பேசப்பட்டது. பள்ளிக்கூடத்துச் சோற்றின் கதையிலும் அந்த இருபதாண்டு இழப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பள்ளியில் சமைத்துப் போடுவது தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சியிலிருந்து தொடங்கியது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் செலவு ஓரணாவைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23-ல் 811 பிள்ளைகள் இருந்தார்கள். 1924-25-ல் 1,671 பேர். சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டில் கிடைத்த முதல் எழுத்துபூர்வமான சான்று இது. ஆனாலும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கில அரசு மறுக்க, 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பின்னர் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சுருங்கிய அளவில் தொடர்ந்தது.

கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு மதிய உணவு காமராசர் காலத்தில் வந்தது. 1956-ல் தொடங்கிய திட்டத்தைக் கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்களின் பங்களிப்பை நம்பியே நடத்தினார். அரிசி, விறகு, காய்கறி, பாத்திரம் எல்லாம் ஊரார் தந்தவை. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுக்கும் ‘பிடி அரிசி’ முறை பல ஊர்களில் நடந்தது. 1957 நவம்பரிலிருந்து அரசு மானியம் சேர்ந்தது: ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு, அதில் 6 காசு அரசு தரும், 4 காசு ஊர் தர வேண்டும். இந்த ஏற்பாட்டின் வலிமையும் பலவீனமும் அந்த 4 காசில் இருந்தன. நெல் விளைந்த, மனம் உள்ள பெரிய விவசாயிகள் இருந்த ஊரில் பானை கொதித்தது. மழை பொய்த்த ஆண்டில், எல்லோருமே கூலிக்காரர்களாக இருந்த ஊரில், பிடி அரிசி எடுத்து வைக்க அரிசியே இல்லை. பணம் புழங்காத மலைக் குடியிருப்புகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தியே இருக்க முடியாது. சோறு மிகவும் தேவைப்பட்ட ஊர்தான் தன் பங்கைக் கொடுக்க முடியாத ஊராக இருந்தது.

1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் உணவுப் பொருள் அனுப்பியது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, உடைத்த கோதுமை, சமையல் எண்ணெய் ஆகியவை வந்தன. இன்று அறுபது வயது தாண்டிய பலர் பள்ளிக்கூடச் சாப்பாடு என்றதும் முதலில் நினைப்பது மஞ்சள் நிறத்து மக்காச்சோள உப்புமாவையும் சூடான ‘கேர் பாலை’யும்தான். அரிசியும் கேழ்வரகும் பழகிய நாக்குக்கு அது விருப்பமான ருசி என்று சொல்ல முடியாது. ஆனால் பசித்த பிள்ளை தட்டைத் துடைத்தே சாப்பிட்டது.

பெரிய திருப்பம் 1982 ஜூலை 1. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊர்ப்புறத்துக் குழந்தைகள் மையங்களிலும் தொடக்கப் பள்ளிகளிலும் முதலில் வந்த திட்டம், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-ல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் விரிந்தது. சிறுவயதில் கும்பகோணத்தில் பசியில் கிடந்த நாட்களை எம்.ஜி.ஆர். வெளிப்படையாகவே பேசியவர். இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டுவதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் பலர் கேட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. காமராசர் திட்டத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டிய முக்கியமான மாற்றம், ஊரின் பங்கு என்ற நிபந்தனை போனதுதான். அரிசியும் பருப்பும் எண்ணெயும் அரசுக் கிடங்கிலிருந்து வந்தன. ஊரில் பணக்காரன் இருக்கிறானா என்ற கேள்வி எழவில்லை. ஜாகீர் முடிந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த கல்வராயன் மலைக்கு இதனால்தான் சோறு எட்டியது.

ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. பிள்ளைகள் சமையலரையும் உதவியாளரையும் ‘ஆயா’ என்றுதான் கூப்பிட்டார்கள், இன்றும் அப்படித்தான். காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் எத்தனை பேர் என்று வகுப்பறையிலிருந்து அடுக்களைக்குத் தகவல் போகும். அந்தக் கணக்குக்கு அரிசி நிறுக்கப்படும். இன்றைய அளவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 150 கிராம். கல் பொறுக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, உலை கொதிக்கும்போது போடுவார்கள். இன்னோர் அடுப்பில் பருப்பு வேகும். மழைக்காலத்தில் மலையில் விறகு நனைந்துவிட்டால் புகை மட்டுமே வரும். ஆயா ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு தயாரானால் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் உட்காருவார்கள். அலுமினியத் தட்டு இல்லாமல் புத்தகப் பை முழுமையாகாத காலம் அது. ஆசிரியர் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்ற விதி, 2013-ல் பீகார் மாநிலம் சாப்ரா அருகே பள்ளி உணவில் விஷம் கலந்து 23 பிள்ளைகள் இறந்த பிறகு நாடு முழுவதும் கண்டிப்பாக்கப்பட்டது.

மலைப் பள்ளிகளுக்குப் பொருள் கொண்டுபோவது தனிப் பாடு. கிடங்கிலிருந்து லாரி தார்ச்சாலை முடிகிற இடம் வரைதான் வரும். அதற்கு மேல் மூட்டை தலைச்சுமையாகத்தான் ஏற வேண்டும். ஓடையில் வெள்ளம் வந்தால் அதுவும் நிற்கும். பள்ளி இயங்கியும் அடுப்பு எரியாத நாள் என்றால் மலையில் அதற்குக் காரணம் பெரும்பாலும் பாதையாகத்தான் இருக்கும்.

சத்துணவுக் கூடங்கள் முதலில் பல இடங்களில் கூரைக் கொட்டகைகள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. அதன்பின் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கல் கட்டிய சமையலறை, பிறகு எரிவாயு அடுப்பு என்று மாறியதன் பின்னே அந்தப் பிள்ளைகளின் சாவு இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சமையலர் நியமனத்தில் தலித் மக்களுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. சமவெளியில் இதன் தேவை பெரிது. இன்னார் ஆக்கிய சோற்றை எங்கள் பிள்ளை தின்னாது என்று சொல்லும் கொடுமை தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடந்தது, இன்னும் அறவே ஓய்ந்துவிடவில்லை. ஊரே ஒரு பழங்குடியாக இருக்கும் மலைப் பள்ளியில் இந்தச் சண்டைக்கு இடம் குறைவு.

சோறும் சாம்பாருமாக இருந்த தட்டில் முட்டை வந்தது 1989 ஜூன் 3-ல், கருணாநிதி ஆட்சியில். அன்று இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998-ல் வாரம் ஒன்று, 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இதற்கான முட்டை பெரும்பாலும் நாமக்கல் பண்ணைகளிலிருந்து வருகிறது. வீட்டில் கோழி வளர்த்தாலும் முட்டையைச் சந்தையில் விற்றுவிட்டு உப்பு வாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு, தினம் ஒரு முட்டை என்பது வீட்டில் கிடைக்காத ஒன்று. சத்துணவின் வரலாற்றில் அரிசிக்கு அடுத்து உடம்பைத் தொட்ட மாற்றம் இதுதான்.

2013 மார்ச்சில் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம் என்ற கணக்கில் சோதனையாகத் தொடங்கி, 2014-ல் மாநிலம் முழுவதும் கலவைச் சாதங்கள் வந்தன. காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலைப் புலாவ், தக்காளிச் சாதம், கறிவேப்பிலைச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம். முட்டையும் மிளகு முட்டை, மசாலா முட்டை என்று உருமாறியது. பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள். ஆனால் பட்டியல் சென்னைக்கும் வெள்ளிமலைக்கும் ஒன்றே. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலையில் பள்ளிப் பானைக்குள் போனது சமவெளியின் புழுங்கலரிசி மட்டும். ரேஷன் அரிசியும் சேர்ந்துகொண்டதால், வீட்டிலும் சாமை குத்துவது குறைந்தது. சாமை விளைந்த சரிவுகளில் சேலம், சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி ஏறியது. மாவு கொழித்த கிழங்கு பணம் தந்தது. ஆனால் இரும்புச் சத்தும் நார்ச்சத்தும் உள்ள தானியம் பிள்ளைகளின் தட்டிலிருந்து நழுவிப்போனது. இதில் பள்ளி உணவின் பங்கு சிறியதாகவே இருக்கலாம். இருந்தாலும் மலைக்கு அதன் சொந்தத் தானியத்தைப் பள்ளி வழியாகத் திருப்பித் தர முடிந்திருக்கும்போது அதைச் செய்யாமல் விட்டது வருந்தத்தக்கது.

மலையில் இன்னொரு வகைப் பள்ளியும் உண்டு: பழங்குடியினர் நலத் துறை நடத்தும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. அங்கே மூன்று வேளையும் சோறு, இரவு தங்கல். கல்வராயன் மலைக் குடும்பங்கள் பல, பருவம் பார்த்துக் கேரளம், கர்நாடகம் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் நகரத்துக் கட்டட வேலைகளுக்கும் போய்விடுகின்றன. பிள்ளையை உடன் கூட்டிப்போனால் படிப்பு போகும். விட்டுப்போனால் யார் ஆக்கிப் போடுவது? அந்தக் குடும்பங்களுக்கு உண்டு உறைவிடப் பள்ளிதான் விடை. கொரோனா தொற்றில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இந்த விடையும் மூடிக்கொண்டது. சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை ஆகியவற்றை அரசு கையில் கொடுத்தது. ஆனால் ஒரு பிள்ளைக்கு அளந்த அரிசி வீட்டுப் பானைக்குள் போனால் அது குடும்பம் முழுவதற்குமான அரிசி.

கீழ்நாட்டில் இதற்கிடையே டிபன் பாக்ஸ் காலம் வந்துவிட்டது. தனியார் பள்ளி வேன் காலை ஏழரைக்கே தெருமுனையில் நிற்கிறது. தாய் அதற்குள் எலுமிச்சைச் சாதமோ தக்காளிச் சாதமோ தயிர்ச் சாதமோ கிளறி, ஆறவைத்து, எவர்சில்வர் டப்பாவில் அமுக்கி, ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வைத்து மூடுகிறார். குழம்புச் சோறு பையில் ஒழுகும் என்பதால் கட்டுச்சாதம் ஏறக்குறைய எப்போதும் கலவைச் சாதம்தான். அரசுப் பள்ளி சத்துணவுப் பட்டியலும் 2014-ல் அதே சாதங்களுக்கு வந்து சேர்ந்தது. அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டால் கௌரவக் குறைவு என்று எண்ணி வீட்டிலிருந்து டப்பா கொடுத்தனுப்பும் பெற்றோர் சமவெளியில் இருக்கிறார்கள். மலைப் பள்ளியில் டப்பா அரிது.

மதியச் சோறு இருந்தும் தீராத ஒரு பசி மலையில் இருந்தது, காலைப் பசி. இருட்டோடு காட்டுக்குப் போகும் பெற்றோர், நீண்ட நடை, முதல் சாப்பாடே மதியம். 2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்ட 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 237 பள்ளிகள் மலைப்பகுதிப் பள்ளிகள். மலைக்கு எதுவும் கடைசியாக வரும் என்ற பழைய வழக்கம் இந்த ஒரு முறை மாறியது. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊர்ப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது.

சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரும் அவர்களில் உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார் என்று நாளுக்கு ஒன்று. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. உள்ளூரில் கிடைக்கும் சிறுதானியத்தை வாரத்தில் இரண்டு நாளாவது சேர்க்கலாம் என்று இத்திட்டத்தின் வழிகாட்டுதல் இடம் கொடுத்திருக்கிறது. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் மறுபடி பள்ளிப் பானைக்கு வர அரசாணையிலேயே திறந்திருக்கும் வழி இது.

காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. மலையில் தொடக்கப் பள்ளியாவது நடக்கும் தூரத்தில் இருக்கும். நடுநிலைப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் அதைவிடத் தொலைவு. ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை முந்தைய ஆண்டைவிட நெடுந்தூரம் நடந்துபோய், மதியம் வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறது. திட்டத்தை மலைப்பகுதிகளிலாவது எட்டாம் வகுப்பு வரை நீட்டினால், அந்த வகுப்புகளில் படிப்பை நிறுத்திக் கூலிக்குப் போகும் பிள்ளைகளில் பலரைப் பள்ளியிலேயே இருத்திக்கொள்ளலாம்.